ஒற்றைக்காலில் நிற்கும் நாரை: ஓய்வா, நஞ்சா?

உச்சிவேளையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கச் செல்லும் விவசாயி, வரப்போரத்தில் ஒரு நாரையைக் காண்கிறார். அது நிற்கவில்லை. நீண்ட கால்களை முன்னால் நீட்டிக் குந்தியிருக்கிறது. இறக்கைகள் இரண்டும் தளர்ந்து தொங்குகின்றன. வாய் திறந்திருக்கிறது. கால்களில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை படிந்திருக்கிறது.

"பாவம், கால் ஒடிந்துவிட்டது" என்பார் ஒருவர். "சீக்கு வந்த பறவை, அடித்துப் போடு" என்பார் மற்றொருவர். "பிடித்தால் இன்றைக்குக் குழம்புக்கு ஆயிற்று" என்பவரும் உண்டு.

மூவர் சொல்வதும் தவறாக இருக்கலாம். அந்த நாரை வெயிலில் இளைப்பாறிக் கொண்டிருக்கலாம். அல்லது வயலில் இட்ட மருந்தைத் தின்ற பூச்சியையோ நண்டையோ விழுங்கி, உயிருக்குப் போராடிக் கொண்டிருக்கலாம். முதலாவதானால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டாவதானால் அதைச் சமைத்துத் தின்பவரின் உயிருக்கும் ஆபத்து. அதே வாய்க்காலில் மேயும் வாத்துக்கும், நீர் குடிக்கும் மாட்டுக்கும் ஆபத்து. எனவே இந்த இரண்டையும் பிரித்தறிவது விவசாயிக்கு மிகவும் தேவையான அறிவு. நலமாக உள்ள பறவை எப்படியெல்லாம் ஓய்வெடுக்கும் என்று தெரிந்தால்தான், நலமில்லாத பறவை எது என்று தெரியும்.

முதலில் காலைப் பார்ப்போம்

கொக்கு, நாரை, உள்ளான் ஆகியவற்றின் முழங்கால் பின்பக்கமாக மடிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழங்கால் அன்று, கணுக்கால். கோழி அறுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோழியின் தொடைக்கும் அதற்குக் கீழே உள்ள சதைப்பற்றான துண்டுக்கும் நடுவில் உள்ளதே உண்மையான முழங்கால். அது நம் முழங்கால் போலவே மடியும். உயிருள்ள பறவையில் அது இறகுக்குள் மறைந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. அதற்கும் கீழே, செதில் மூடிய, சதையில்லாத கால் ஒன்று இருக்கிறதே, அது உண்மையில் பாதத்தின் நீண்ட எலும்பு. பறவை எப்போதும் விரல் நுனியில் நடக்கிறது. அதன் குதிகால் அந்தரத்தில் நிற்கிறது. மாட்டின் பின்னங்காலில் பின்னோக்கி மடியும் மூட்டும் இதே கணக்குத்தான்.

இப்போது குந்தியிருக்கும் நாரையை மீண்டும் பாருங்கள். நாம் வரப்பில் குத்துக்காலிட்டு உட்காரும்போது குதிகால் தரையில் படிகிறது அல்லவா? நாரையும் அதையேதான் செய்கிறது. விரல் நுனியில் நின்றது போதும் என்று குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை முன்னால் நீட்டி உட்கார்கிறது. பாதம் மிக நீளமானது என்பதால் நம் கண்ணுக்கு அது விந்தையாகத் தெரிகிறது. கால் ஒடிந்ததால் வந்த நிலை அன்று அது. இரண்டு கால்களும் ஒரே சீராக முன்னால் நீண்டிருந்தால் அது ஓய்வு. ஒரு கால் மட்டும் பக்கவாட்டில் கோணிக் கிடந்தால்தான் ஒடிவைப் பற்றி ஐயப்பட வேண்டும்.

ஒற்றைக்கால் எதற்கு?

பிடிவாதக்காரனை "ஒற்றைக்காலில் நிற்கிறான்" என்கிறோம். மீனுக்காகக் காத்திருக்கும் கொக்கைத் தவசிக்கு ஒப்பிடுகிறோம். ஆனால் கூர்ந்து கவனித்தால் ஒன்று புலப்படும். இரைக்காகக் காத்திருக்கும் கொக்கு பெரும்பாலும் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும். அடுத்த கணம் பாய வேண்டும் அல்லவா? ஒற்றைக்காலில் நிற்பது பெரும்பாலும் வயிறு நிறைந்து ஓய்வெடுக்கும் பறவைதான்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு முக்கியக் காரணங்களைக் கூறுகிறார்கள்.

முதல் காரணம் உடல் சூட்டைக் காப்பது. பறவையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ், நம்முடையது 37. உடல் முழுவதும் இறகுப் போர்வை இருக்கிறது; காலுக்கு மட்டும் இல்லை. குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் நிற்கும் பறவைக்குச் சூடு வெளியேறும் வழி அந்தக் கால்தான். ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டால், சூடு வெளியேறும் வழி பாதியாகக் குறைகிறது.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகர விலங்குக் காட்சிசாலையில் உள்ள பூநாரைகளை மாத்யூ ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியவரும் நெடுநாள் கவனித்தனர். 2010-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, வெயில் குறைந்த வேளைகளில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகள் அதிகம். தரையில் நிற்பவற்றைவிட நீரில் நிற்பவற்றில் அதிகம். தரையைவிட நீர் உடல் சூட்டை விரைவாக இழுத்துவிடும் என்பதால் இது பொருத்தமாகவே இருக்கிறது.

ஊன்றிய மற்றக் காலிலும் ஓர் ஏற்பாடு உண்டு. உடலிலிருந்து சூடான இரத்தத்தைக் கீழே கொண்டு செல்லும் குழாயும், பாதத்திலிருந்து குளிர்ந்த இரத்தத்தை மேலே கொண்டு வரும் குழாயும் ஒட்டி ஓடுகின்றன. பக்கத்துப் பக்கத்தில் ஒன்று கீழ்நோக்கியும் ஒன்று மேல்நோக்கியும் ஓடும் இரண்டு வாய்க்கால்களை நினைத்துக் கொள்ளுங்கள். நடுவில் மெல்லிய வரப்பு. வெந்நீர் வாய்க்காலின் சூடு வரப்பைத் தாண்டித் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறிவிடும். அதேபோல் கீழே இறங்கும் சூடு பாதத்தை எட்டுமுன்பே மேலே வரும் இரத்தத்தோடு உடலுக்குத் திரும்பிவிடுகிறது. மார்கழிக் குளிரில் நாரை நீரில் நின்றும் விறைக்காமல் இருப்பதன் இரகசியம் இதுவே.

இரண்டாவது காரணம் உழைப்பு மிச்சம். ஒற்றைக்காலில் நிற்பது நமக்குக் கடினம்; பூநாரைக்கு அது சுகம். அட்லாண்டா நகரைச் சேர்ந்த யங்-ஹூய் சாங், லீனா டிங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. அவர்கள் இறந்த பூநாரையின் உடலை ஒரு காலில் நிறுத்திப் பார்த்தனர். தசை வேலை செய்யாத அந்த உடல், கால் மூட்டுகள் தாமாகவே நிலைகொண்டு, சாயாமல் நின்றது! இரண்டு காலில் நிறுத்தியபோது அப்படி நிற்கவில்லை. உயிருள்ள இளம் பூநாரைகளும் விழித்து அசையும்போது ஆடிய அளவுக்கு, ஒற்றைக்காலில் கண்ணயரும்போது ஆடவில்லை. இது பூநாரையில் சோதித்துக் கண்ட உண்மை. எல்லாக் கொக்குக்கும் நாரைக்கும் இதே அமைப்பு என்று கூறிவிட முடியாது. ஆனால் நெடுங்கால் பறவைகள் நெடுநேரம் களைப்பின்றி நிற்பதற்கு உடலமைப்பே துணை செய்கிறது என்பதை இது விளக்குகிறது.

வயலிலும் உப்பளத்திலும் காணப்படும் பவளக்கால் உள்ளான் போன்ற பறவைகள் சில நேரங்களில் ஒற்றைக்காலிலேயே தத்தித் தத்தி நகரும். பார்ப்பவர் அதற்கு ஒரு கால் இல்லை என்றே நினைப்பார்கள். சற்றுப் பொறுத்தால் மறைத்து வைத்த காலை இறக்கிவிட்டு நடக்கும். ஓய்வைக் கலைக்க மனமில்லாமல் செய்யும் சோம்பல்தான் அது.

வெள்ளை பூசிய கால்கள்

குளிரில் சூட்டைக் காக்க வேண்டும் என்றால், சித்திரை வெயிலில் சூட்டை வெளியேற்ற வேண்டும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால் அவை வேறு வழிகளைக் கையாளுகின்றன.

நாரை வகைகளின் வழி நமக்கு அருவருப்பாகத் தோன்றும். நீர்த்த எச்சத்தைத் தம் கால் மீதே கழித்துக் கொள்கின்றன. மண்பானையின் மேல் கசியும் ஈரம் காயும்போது உள்ளே உள்ள நீர் குளிர்கிறது அல்லவா? அதுபோலக் காலின் மேல் ஈரம் காயும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. அந்தக் குளிர்ந்த இரத்தம் உடலுக்குத் திரும்பி உடல் சூட்டைத் தணிக்கிறது. ஃபிலிப் கால் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், நம் ஊர் மஞ்சள் மூக்கு நாரைக்கு நெருங்கிய உறவான அமெரிக்க நாரையை ஆராய்ந்து இதை 1963-லேயே விளக்கினார். ஈரம் காய்ந்தபின் எச்சத்தின் வெண்மை மட்டும் காலில் படிந்து நிற்கிறது. எனவே கோடையில் நாரையின் கால் வெளுத்திருந்தால் அது கழிச்சல் நோயும் அன்று, சொறியும் அன்று.

வாயைத் திறந்து தொண்டையை வேகமாகத் துடிக்க விடுவது மற்றொரு வழி. கொக்கு, நீர்க்காகம் ஆகியவற்றில் இதை நன்றாகக் காணலாம். தொண்டையின் உள் ஈரம் காற்றுப்பட்டு ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைப் போன்றதே இது.

இறக்கை விரிப்பதிலும் காரணம் உண்டு

சாம்பல் நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் சில வேளைகளில் வெயிலை நோக்கி நிமிர்ந்து நின்று, இறக்கைகளைப் பாதி விரித்து முன்பக்கமாகத் தொங்கவிட்டு, அசையாமல் இருக்கும். இரண்டு முறங்களைக் கையில் ஏந்தி நிற்பது போல் தோன்றும். இது வெயில் காய்தல். காலைக் குளிரில் உடலைச் சூடேற்றிக் கொள்ளவும், இறகிலுள்ள பேன் முதலிய ஒட்டுண்ணிகளுக்கு வெயில் படச் செய்யவும் இது உதவுகிறது என்று கருதுகிறார்கள். நாம் படுக்கையை வெயிலில் உலர்த்துவது போன்றதே.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கல்லின் மேலோ பட்டமரத்திலோ இறக்கையை விரித்து நிற்பது வேறு காரணத்தால். வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. இவற்றின் இறகோ நனையும். நனைந்தால் உடல் கனத்து நீருக்குள் முக்குளிப்பது எளிதாகிறது. வெளியே வந்தபின் உலர்த்த வேண்டியிருக்கிறது.

கூட்டில் குஞ்சு இருக்கும்போது நண்பகலில் தாய் நாரை இறக்கையை விரித்துக் குனிந்து நின்றால், அது குஞ்சுக்கு நிழல் தருகிறது என்று பொருள். தரிசில் முட்டையிடும் ஆள்காட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அருகிலுள்ள நீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையின் மேல் நின்றும் அமர்ந்தும் அதைக் குளிர்விக்கிறது. கோடை உழவின்போது ஒரு ஆள்காட்டி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால், ஏரை ஒரு முழம் ஒதுக்கி ஓட்டுங்கள். ஒதுக்கிய இடத்தால் விளைச்சல் குறையாது.

தூங்கும்போதும் காவல்

அரிவாள் மூக்கன், பூநாரை, உள்ளான் முதலியவை தூங்கும்போது கழுத்தைத் திருப்பி அலகை முதுகு இறகுக்குள் செருகிக் கொள்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் தலையே இல்லாத பறவை போல் தெரியும். அலகிலும் இறகு இல்லை. அங்கும் சூடு வீணாகிறது. செருகிக்கொண்டால் அது மிச்சமாகிறது. நீண்ட கழுத்தின் பாரமும் முதுகில் தங்குகிறது. கொக்கும் இராக்கொக்கும் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக் கொண்டு, மழைக்குச் சாக்குக் கொங்காணி போட்ட ஆள் போலக் கூனி நிற்கும்.

இவை முழுத் தூக்கத்தில் இருப்பதாக நினைத்து அருகில் போனால் ஏமாந்து போவீர்கள். வாத்து வளர்ப்பவர்கள் இதைத் தம் மந்தையிலேயே காணலாம். மந்தையின் நடுவில் படுத்த வாத்து இரு கண்ணையும் மூடும். ஓரத்தில் உள்ளது வெளிப்பக்கக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். 1999-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வாத்துகளை வரிசையாக விட்டுச் சோதித்தபோது, ஓரத்து வாத்துகளின் மூளையில் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருப்பதைக் கண்டனர். நாய், நரி வரும் திசையைப் பார்த்த கண் காவல் காக்கிறது.

மடையருகே கூனிக் குறுகி அசையாமல் நிற்கும் மடையானைக் "குருட்டுக் கொக்கு" என்பார்கள். அது குருடு அன்று. மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாக நின்றால் யாரும் காணமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கடைசி நொடி வரை பொறுக்கிறது. நாம் நெருங்கிவிட்டால் வெள்ளை இறக்கையை விரித்துக்கொண்டு எழும்பிவிடும்.

இங்கேதான் நாம் தேடிய விடை இருக்கிறது. நலமாக உள்ள பறவை எந்த நிலையில் ஓய்வெடுத்தாலும், அதன் ஒரு பகுதி விழித்தே இருக்கிறது. ஆபத்து நெருங்கினால் அது எழ வேண்டும். எழ முடியாவிட்டால் அது ஓய்வு அன்று.

பிரித்தறிவது எப்படி?

பறவையைத் தொடாமல், சற்றுத் தொலைவில் நின்று கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

தலை: ஓய்வெடுக்கும் பறவையின் தலை தோள் மேலோ முதுகிலோ நிலையாக இருக்கும், உங்களைக் கண்டதும் கழுத்து நிமிரும். நஞ்சுண்ட பறவையின் தலை தள்ளாடும், அல்லது கழுத்துத் துவண்டு தரையில் கிடக்கும்.

வாய்: வெயிலுக்காகத் திறந்த வாயில் தொண்டை சீராகத் துடிக்கும்; எச்சில் ஒழுகாது. நஞ்சுண்ட பறவைக்கு எச்சில் நூல் நூலாக வடியும், மூச்சுக்குத் திணறும்.

கால்: ஓய்வில் இரு கால்களும் சீராக இருக்கும். நஞ்சில் கால் வலுவிழந்து பக்கவாட்டில் சரியும். விரல்கள் இறுக மூடிக்கொள்ளலாம்.

உடல்: நடுக்கமோ வலிப்போ இருந்தால் அது ஓய்வு அன்று.

எழுச்சி: மெதுவாக இரண்டடி எடுத்து வையுங்கள். ஓய்வெடுத்த பறவை காலை இறக்கி, இறக்கையை ஒடுக்கி, நடக்கும் அல்லது பறக்கும். நஞ்சுண்டது இறக்கையைத் தரையில் அடித்துக்கொண்டு தவழும்.

இரண்டு விதிவிலக்குகளை மறக்கக் கூடாது. கூட்டு மரத்தின் கீழ் விழுந்த குஞ்சுக்கும் பறக்கத் தெரியாது. ஆனால் அது தலையை நிமிர்த்தி அலகால் கொத்த வரும். முட்டையை அடைகாக்கும் பறவையும் எளிதில் எழாது.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

குருத்துப் பூச்சிக்கும் நண்டுக்கும் என்று நிறைந்த நீரில் குறுணை மருந்து இடுகிறோம். மருந்துபட்ட பூச்சி, நண்டு, நத்தை, சிறுமீன் எல்லாம் தள்ளாடி மேலே வருகின்றன. கொக்குக்கு அது விருந்து. ஓடாத இரையைப் பொறுக்கித் தின்று, நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக் கொள்கிறது. நண்டைக் கொல்லச் சோற்றில் மருந்து கலந்து வரப்பில் வைப்பது இதைவிடக் கொடிது. அதைக் கோழியும் நாயும், ஏன், குழந்தையும் எடுக்கக் கூடும்.

1980-களின் இறுதியில் ராஜஸ்தானிலுள்ள பரத்பூர் சரணாலயத்தில் ஆளுயரச் சாரஸ் கொக்குகள் அடுத்தடுத்து மடிந்தன. சுற்றுப்புற வயல்களில் பயன்படுத்திய ஆல்ட்ரின் என்ற மருந்தே காரணம் என்பது ஆய்வில் தெரிந்தது. ஆல்ட்ரின் பின்னர் தடை செய்யப்பட்டது. போரேட் மருந்தைப் பயன்படுத்துவதற்கும் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை. வீட்டு மூலையில் பழைய போரேட் பொட்டலம் கிடந்தால், மிச்சம்தானே என்று வயலில் போட்டுவிடாதீர்கள்.

எல்லாச் சாவுக்கும் மருந்தே காரணம் என்றும் கூற முடியாது. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் மடிந்தன. செத்த உடல்களில் பெருகும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சே அங்கு காரணம். அந்த உடலில் நெளியும் புழுவைத் தின்ற பறவைக்கும் கழுத்துத் துவண்டு, கால் இறக்கை செயலற்றுப் போகும். வற்றும் குளத்தில் மேயும் வாத்து மந்தைக்கும் இதே ஆபத்து உண்டு. 2006 முதல் நம் நாட்டில் அவ்வப்போது தலைகாட்டும் பறவைக் காய்ச்சலையும் மனதில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. நலமற்ற பறவையையோ செத்த பறவையையோ வெறுங்கையால் தொடாதீர்கள். தொட நேர்ந்தால் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

2. எழ முடியாமல் எளிதில் பிடிபட்ட பறவையை எக்காரணம் கொண்டும் சமைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் மருந்தின் நஞ்சு போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. தின்றபின் வாந்தி, அதிக எச்சில், வியர்வை, கண் மங்கல் தோன்றினால் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். மேலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கு, நாரை பிடிப்பது குற்றம்.

3. ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் தகவல் கொடுங்கள். அவர்கள் பார்த்தபின், அவர்கள் கூறும் முறைப்படி ஆழமாகப் புதைக்க வேண்டும். வாய்க்காலில் தள்ளிவிடக் கூடாது.

4. அந்தப் பகுதியில் வாத்து, கோழி, மாடு மேய்வதை உடனே நிறுத்துங்கள்.

5. கடந்த சில நாட்களில் சுற்று வயல்களில் யார் என்ன மருந்து இட்டார்கள் என்று விசாரியுங்கள். இது சண்டைக்காக அன்று. அதே நீர் எல்லோருடைய வயலுக்கும் பாய்கிறது என்பதற்காக.

6. மருந்து தேவைதானா என்பதை வேளாண்மை அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இட்டபின் அந்த நீரை வாய்க்காலில் வடிய விடாதீர்கள். மருந்துக் கலத்தை வாய்க்காலில் கழுவாதீர்கள்.

ஓய்வுக்கு இடம் கொடுங்கள்

கொக்கும் நாரையும் நமக்குத் தொல்லையே தருவதில்லை என்று கூறவில்லை. புதிதாக நட்ட வயலில் நாற்றை மிதித்துச் சாய்க்கும். மீன் குட்டையில் குஞ்சு மீனைப் பொறுக்கும். நாற்று வேர் பிடிக்கும் வரை மினுங்கும் நாடா கட்டி விரட்டுவதில் தவறில்லை. மீன் குட்டையின் மேல் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். கண்ணியும் நஞ்சும் மட்டும் வேண்டாம்.

அவை செய்யும் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உழும்போது ஏர்பின்னே வரும் உண்ணிக் கொக்கு வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குகிறது. நத்தை குத்தி நாரை நத்தையைத் தின்கிறது. மடையான் வரப்பைத் துளைக்கும் நண்டைப் பிடிக்கிறது. இந்த வேலைக்கு நடுவே அவை இளைப்பாற இடம் வேண்டும். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரம், கரையோரப் புளியமரம், ஈரம் சுவறிய ஒரு திட்டு இருந்தால் போதும்.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வேடந்தாங்கல் ஊரார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று அன்றைய கலெக்டரிடம் முறையிட்டு அதற்கான ஆணையைப் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தார்கள். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விரட்டுவதில்லை.

அடுத்த முறை வரப்போரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கையோ, குந்தியிருக்கும் நாரையையோ கண்டால் சற்று நின்று பாருங்கள். கழுத்தை நிமிர்த்தி, மடக்கிய காலை இறக்கி, இரண்டெட்டு வைத்துப் பறந்து போனால் உங்கள் வயல் நீர் அன்றைக்கு நலமாக இருக்கிறது என்று எண்ணிக் கொள்ளலாம். எழ முடியாமல் தவித்தால், அந்தப் பறவை உங்களுக்கு முன்னால் அந்த நீரைக் குடித்துவிட்டது என்று பொருள். வாத்தையும் மாட்டையும் அந்த நீரில் இறங்காமல் தடுப்பதே அப்போது முதல் வேலை.